வேர்டின் ரூலரில் அந்த முக்கோணங்கள் எதற்கு? ஸ்பேஸ் அடித்தால் என்ன குறை?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 3, மாலை

அக்கா, அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடித்துக்கொண்டிருக்கிறேன். வேர்டில் மேலே அடிமட்டம் மாதிரி ஒன்று கிடக்கிறது. அதன் இடது பக்கத்தில் இரண்டு முக்கோணம், கீழே ஒரு சின்னப் பெட்டி. ஒருதரம் இழுத்தால் முதல் வரி மட்டும் நகருகிறது. இன்னொருதரம் முழுப் பந்தியும் போகிறது. பிறகு பார்த்தால் முதல் வரி அப்படியே நிற்க மற்ற வரிகள் உள்ளே ஓடுகின்றன. அது எனக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டு, ஸ்பேஸ் அடித்தே எல்லாவற்றையும் நேராக்கினேன். வீட்டில் வடிவாகத்தான் இருந்தது. அச்சகத்தில் திறந்தபோது பாட்டு, பெயர்ப் பட்டியல் எல்லாம் குலைந்து கிடக்கின்றன. அவர்களுடைய கொம்பியூட்டரில்தானே பிழை?

ஜூன் 3, இரவு

அவர்களுடைய கொம்பியூட்டரில் பிழை இல்லை தம்பி. ஸ்பேஸில்தான்.

ஒரு ஸ்பேஸின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். பாமினியில் இருக்கிற ஸ்பேஸ் வேறு, லதாவில் இருக்கிற ஸ்பேஸ் வேறு, நிர்மலாவில் வேறு. உங்கள் வீட்டில் இருக்கும் எழுத்துரு அச்சகத்தில் இல்லாவிட்டால் வேர்ட் தன்பாட்டில் இன்னொன்றைப் போட்டுவிடும். அந்த நிமிடமே நீங்கள் பார்த்துப் பார்த்து அடித்த ஸ்பேஸ் எல்லாம் கூடும் அல்லது குறையும். எழுத்துரு மாறாமல் அளவு மட்டும் 11இலிருந்து 12க்குப் போனாலும் இதே கதைதான். வரி முறியும் இடம் மாறும், நீங்கள் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி வரியின் நடுவில் போய் நிற்கும். இப்போது அச்சகத்தில் நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

முக்கோணங்களுக்கு வருகிறேன். இடது பக்கத்தில் மேலே, தலைகீழாக நிற்பது முதல் வரிக்கு உரியது. கீழே நிமிர்ந்து நிற்பது இரண்டாம் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் உரியது. அதன் அடியில் உள்ள சின்னப் பெட்டியை இழுத்தால் இரண்டும் சேர்ந்து, அவற்றுக்கு இடையில் உள்ள தூரம் மாறாமல், நகரும். வலது ஓரத்தில் தனியாக ஒரு முக்கோணம் இருக்கிறது, அது வலது எல்லை. நீங்கள் கண்ட மூன்று விதமான நகர்வும் கைபட்ட இடம் மாறியதால் வந்தது. அந்தப் பெட்டியும் கீழ் முக்கோணமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதால் மவுஸ் எதைப் பிடித்தது என்று தெரியாது. அவசரப்படாமல் அதன்மேல் மவுஸைக் கொஞ்சம் நிறுத்தினால் பெயர் எழுதிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு இழுங்கள்.

ஜூன் 3, இரவு, பிறகு

ரூலரே தெரியவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மேலே வியூ என்ற பட்டியில் ரூலர் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதைச் சரி போடுங்கள். வாசிக்கும் பார்வையில் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது, பிறின்ற் லேஅவுட் பார்வைக்கு வரவேண்டும்.

ஜூன் 4, காலை

எல்லாரும் முதலில் தடுக்குப்படும் இடம் ஒன்று இருக்கிறது. நேற்று அதைச் சொல்லவில்லை.

ரூலர் பக்கத்தின் மேலே நீட்டாகக் கிடப்பதால் அது முழுப் பக்கத்துக்கும் உரியது என்று நினைக்கிறோம். சாம்பல் நிறமும் வெள்ளையும் சந்திக்கும் எல்லை மட்டும்தான் பக்கத்துக்கு உரியது. அது மாஜின், தாளின் ஓரத்தில் விடும் வெற்றிடம். முக்கோணங்களும் ரப் குறிகளும் (Tab பொத்தானை அடித்தால் எழுத்து தாவிப்போய் நிற்கும் இடங்கள்) கர்சர் இப்போது நிற்கிற பந்திக்கு மட்டும் உரியவை. கர்சரை அடுத்த பந்திக்குக் கொண்டுபோனால் முக்கோணங்கள் துள்ளி வேறு இடத்துக்குப் போவதைக் கவனித்திருப்பீர்கள். கொம்பியூட்டர் குழம்பிவிட்டதென்று பயப்பட வேண்டாம். அந்தப் பந்தியின் அளவு அது, அதைத்தான் காட்டுகிறது.

அதனால் பத்துப் பந்தியையும் உள்ளே தள்ள வேண்டுமென்றால் பத்தையும் தெரிவுசெய்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். ஒரு பந்தியில் கர்சரை வைத்து இழுத்துவிட்டு "மற்றது வரவில்லையே" என்று கேட்பவர்கள் கணக்கப் பேர்.

இந்த அளவெல்லாம் எங்கே பதிந்திருக்கிறது என்று பார்க்க விரும்பினால், ஹோம் பட்டியில் கால் இரண்டு உள்ள பின்பக்கம் திரும்பிய P எழுத்து மாதிரி ஒரு குறி (¶) இருக்கிறதே, அதை அழுத்துங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் சரி. ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் அதே குறி தெரியும். பந்தியின் இன்டென்ட் (வரி உள்ளே தள்ளி நிற்கும் அளவு), ரப், வரி இடைவெளி எல்லாம் அதற்குள்தான். என்டர் அடித்ததும் புதிய பந்தி பழைய பந்தியின் அளவுகளையே எடுத்துக்கொண்டு பிறப்பது இதனால்தான்.

அந்தக் குறிகளைக் காட்டவிட்டால் உங்கள் ஸ்பேஸ்களும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். உங்கள் கல்வெட்டுப் பைலில் அப்படிச் செய்து பாருங்கள். பக்கம் முழுக்கப் புள்ளி மழையாகத்தான் இருக்கும்.

ஜூன் 4, மதியம்

லிப்ரே ஒபிஸ் பாவிக்கும் ஒருவர், நான் சொன்னபடி கீழ் முக்கோணத்தை இழுத்தால் முதல் வரியும் சேர்ந்து வருகிறதென்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நான் வேர்டுக்குச் சொன்னேன். லிப்ரே ஒபிஸ் ரைற்றரில் கீழ் முக்கோணம் இரண்டையும் சேர்த்தே நகர்த்தும். முதல் வரி நிற்க மற்றவை மட்டும் நகர வேண்டுமென்றால் கொன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும்.

கூகுள் டொக்ஸில் தோற்றமே வேறு. மேலே நீலப் பட்டையாகக் கிடப்பது முதல் வரி, அதன் கீழ் உள்ள முக்கோணம் இரண்டையும் சேர்த்து நகர்த்தும். அங்கே முதல் வரி வெளியே நிற்க மற்றவை உள்ளே வர வேண்டுமென்றால், முக்கோணத்தை முதலில் உள்ளே இழுத்துவிட்டுப் பிறகு பட்டையைத் திரும்ப இடதுபக்கம் கொண்டுவர வேண்டும். ஒழுங்கை மாற்றினால் வராது.

ஜூன் 4, இரவு

பாட்டுக்கு வருவோம். கல்வெட்டில் கண்ணுக்கு முதலில் குத்துவது பாட்டுத்தான்.

கல்வெட்டு ஏ5 அளவில்தானே வரும். தாளின் அகலம் 14.8 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் 1.5 விட்டால் எழுத்துக்கு 11.8 மிஞ்சும். வெண்பா பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும், நாலு சீர், கடைசி அடி மூன்று சீர். விருத்தம் அடங்காது. ஆறு சீரோ எட்டு சீரோ வந்தால் அடி முறிந்து மிச்சச் சொல் அடுத்த வரியில் இடது ஓரத்திலேயே வந்து குந்தும். வாசிப்பவருக்கு அது அடுத்த அடியின் தொடக்கமா, முன் அடியின் மிச்சமா என்று தெரியாது. கூட்டமாக நின்று படிக்கும்போது எல்லாரும் அந்த இடத்தில் தடுமாறுவதைக் கேட்டிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு அடியும் ஒரு பந்தியாக இருக்கட்டும், அதாவது அடியின் முடிவில் என்டர். நாலு அடியையும் தெரிவுசெய்து கீழ் முக்கோணத்தை மட்டும் 1 சென்ரிமீற்றர் உள்ளே இழுங்கள். மேல் முக்கோணம் 0இல் நிற்கட்டும். இப்போது எந்த அடி முறிந்தாலும் மிச்சம் உள்ளே தள்ளித்தான் விழும். எழுத்துருவை மாற்றுங்கள், அளவைக் கூட்டுங்கள், தாளை மாற்றுங்கள், அது தன்பாட்டில் சரியாக விழும். பைலை எந்த அச்சகத்துக்குக் கொண்டுபோனாலும் விழும்.

இதில் இரண்டு இடத்தில் கவனம். அடியின் முடிவில் ஷிஃப்ட் என்டர் அடித்தால் வேர்ட் நாலு அடியையும் ஒரே பந்தியாகத்தான் எடுக்கும். அப்போது முதல் அடி வெளியே நிற்க, மற்ற மூன்று அடிகளும் உள்ளே போய்விடும். மற்றது, ஒவ்வொரு அடியும் தனிப் பந்தி ஆனதும் அடிகளுக்கிடையில் பெரிய இடைவெளி விழுந்து பாட்டு சிதறினமாதிரித் தெரியலாம். புதிய வேர்டுகள் பந்திக்குப் பின்னால் தாமாக 8 புள்ளி இடைவெளி விடுகின்றன. பராகிராப் பெட்டியைத் திறந்து ஆப்டர் என்ற இடத்தில் 0 போடுங்கள். பாட்டின் கடைசி அடிக்கு மட்டும் 8 இருக்கட்டும், அடுத்த பாட்டு தள்ளி நிற்கும்.

ஜூன் 5, காலை

தலைப்பு ஏன் சரியாக நடுவில் நிற்கவில்லை என்று தம்பி தனியாகக் கேட்டிருந்தார். இங்கேயே எழுதிவிடுகிறேன், இது கணக்கப் பேரின் பிரச்சினை.

தலைப்பை நடுவில் நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பந்தியில் முதல் வரி இன்டென்ட் ஏற்கெனவே இருக்கிறது. மேல் முக்கோணம் 1.27இல் நிற்கும். வேர்ட் அந்த 1.27ஐக் கழித்துவிட்டு மிச்சமுள்ள அகலத்துக்குத்தான் நடுவைக் கண்டுபிடிக்கிறது. அதனால் தலைப்பு அதில் அரைவாசி தூரம் வலது பக்கம் ஒதுங்கி நிற்கும். கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று பிடிபடாது. கர்சரைத் தலைப்பில் வைத்து ரூலரைப் பாருங்கள். மேல் முக்கோணத்தை 0க்குக் கொண்டுவந்ததும் சரியாகிவிடும். அதைத் தெரியாமல் தலைப்புக்குப் பின்னால் ஸ்பேஸ் அடித்து இடது பக்கம் தள்ளிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். படமும் இப்படித்தான். முன்பக்கத்தில் அம்மம்மாவின் படம் ஒரு பக்கம் சரிந்து நிற்பதாகத் தெரிந்தால் முதலில் ரூலரைப் பாருங்கள்.

இந்த 1.27 எங்கிருந்து வந்ததென்றும் ஒருவர் கேட்கிறார். அரை அங்குலம். 2.54இன் பாதி. வேர்டின் வழமையான ரப் தூரமும் அதுதான். ஏ4இல் அது பரவாயில்லை. 11.8 அகலத்தில் அது சரியான பெரிய பள்ளம். கல்வெட்டுக்கு 0.5 அல்லது 0.6 போதும்.

ஜூன் 5, இரவு

பெயர்ப் பட்டியல். இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன். ரூலர் எவ்வளவு பெறுமதியானது என்று எனக்கு விளங்கியது பட்டியலில்தான்.

எங்கள் கோயில்களுக்குத் திருவிழா அழைப்பிதழ் அடிப்பேன். அதில் உபயகாரர் பட்டியல் வரும். முதலாவது நிரலில் திருவிழா எண், அடுத்ததில் கொடியேற்றம், மஞ்சம், கைலாசவாகனம், சப்பறம், தேர், தீர்த்தம், பூங்காவனம் என்று விசேடம், மூன்றாவதில் உபயகாரர் பெயர். இந்த மூன்றாவதுதான் சிக்கல். ஒருவருக்கு ஒரு பெயரோடு முடியும். இன்னொரு திருவிழாவுக்கு இன்னாரின் பிள்ளைகள், இன்னாரின் குடும்பத்தினர், லண்டனில் இருக்கும் சகோதரர்கள் என்று மூன்று வரிக்கு ஓடும். போன வருடத்துப் பைலை யாரோ பென்ட்ரைவில் கொண்டுவந்து தருவார்கள், திறந்து பார்த்தால் முழுக்க ஸ்பேஸ். ஒரு பெயரைத் திருத்தினால் அந்த வரி முழுவதும் அலங்கோலமாகும். ஆனால் திருத்தாமல் விடவும் ஏலாது, ஒவ்வொரு வருடமும் பெயர் மாறும், ஒருவர் காலமாகியிருப்பார், மகன் பொறுப்பெடுத்திருப்பார். உபயகாரருக்குத் தங்கள் பெயர் எப்படி அச்சில் வருகிறது என்பது பெரிய விஷயம், அது நியாயமும்தான்.

நான் செய்வது இதுதான். எண், ஒரு ரப், விசேடம், ஒரு ரப், பெயர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு ரப், இரண்டு இல்லை. பட்டியல் முழுவதையும் தெரிவுசெய்துவிட்டு ரூலரில் 1.2இல் ஒரு கிளிக், அங்கே சின்ன L வடிவக் குறி விழும், அது இடது ரப் நிறுத்தம். பிறகு கீழ் முக்கோணத்தை 4.5க்கு இழுப்பேன். மேல் முக்கோணம் 0இலேயே நிற்கும். இப்போது எண் 0இல், விசேடம் 1.2இல், பெயர் 4.5இல். பெயர் எத்தனை வரிக்கு ஓடினாலும் எல்லா வரியும் 4.5இல் வரிசையாக நிற்கும். 4.5இல் நான் ரப் நிறுத்தம் எதுவும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். கீழ் முக்கோணம் நிற்கும் இடத்தை முதல் வரியின் ரப்புக்கும் ஒரு நிறுத்தமாக வேர்ட் எடுத்துக்கொள்ளும். புள்ளியோ இலக்கமோ போட்ட பட்டியல்கள் எல்லாம் வேலை செய்வது இந்த முறையில்தான்.

பூங்காவனம் 4.5க்குள் அடங்கவில்லையா? பட்டியலைத் தெரிவுசெய்து முக்கோணத்தை 5க்கு இழுத்தால் அத்தனை வரியும் ஒன்றாக நகரும். இழுக்கும்போது ஆல்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டால் ரூலரில் சரியான அளவு இலக்கமாகத் தெரியும், துள்ளித் துள்ளிப் போகாமல் மெதுவாகவும் நகரும். இது தெரியாமல் கணக்கக் காலம் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், கட்டாயம் ஒருதரம் செய்து பாருங்கள்.

தம்பி, உங்கள் கல்வெட்டில் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பட்டியலும் இதே அமைப்புத்தான். முன்பக்கத்தில் இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு என்று போடுவதற்கு வலது ரப். ரூலரின் இடது மூலையில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கிறது, அதை அழுத்த அழுத்தக் குறி மாறும். வலது ரப் வந்ததும் 11.8க்குக் கிட்டக் கிளிக் செய்துவிட்டு, அப்படியே வலது எல்லைக்கு இழுத்துவிடுங்கள். தோற்றம், ஒரு ரப், மறைவு. அடுத்த வரியில் திகதிகள், அதே மாதிரி. மறைவுத் திகதி வலது ஓரத்தோடு ஒட்டி நிற்கும்.

ஜூன் 6, காலை

"அட்டவணை போட்டால் இதெல்லாம் தேவையில்லையே" என்று ஒருவர். நடு நிரலும் இரண்டு வரிக்கு ஓடும் என்றால் அட்டவணைதான் சரி, அங்கே இந்த முறை எடுபடாது. கோடுகளை மறைத்துவிட்டால் அச்சில் தெரியாது. ஆனால் அட்டவணைக்குள் போனாலும் ரூலர் உங்களை விடாது, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதே முக்கோணங்கள் இருக்கும். கட்டத்துக்குள் ரப் அடித்தால் அடுத்த கட்டத்துக்குத் தாவும். உள்ளேயே ரப் வேண்டுமென்றால் கொன்ட்ரோலோடு சேர்த்து அடிக்க வேண்டும்.

காசுக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒன்று. தசம ரப் என்று ஒரு வகை உண்டு, ரூபாவும் சதமும் புள்ளியில் நேராக நிற்கும், 75.50க்குக் கீழ் 1,250.00 வந்தாலும் புள்ளிக்கு நேர் புள்ளி. அட்டவணைக் கட்டத்துக்குள் அதைப் போட்டால் ரப் அடிக்கவே தேவையில்லை, இலக்கம் தானாகப் போய் நிற்கும்.

ஜூன் 6, இரவு

இந்த ஸ்பேஸ் அடிக்கும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்ததென்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். சோம்பல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் அதுதான் சரியான முறை.

ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். அதற்கு முன்னமே 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வந்துவிட்டது. அந்தக் காலத்து அச்சுக்கோப்பவருக்கு இடைவெளி என்பது கையில் எடுக்கிற ஒரு பொருள், எழுத்தில்லாத ஈயக் கட்டை. எத்தனை கட்டை வைத்தாரோ அத்தனை இடம், அது நாளைக்கும் மாறாது. தட்டச்சுப் பொறியிலும் அப்படித்தான். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா எங்கள் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர், பிறகு மலாயா, சிங்கப்பூர் என்று போனார். தட்டச்சில் ஸ்பேஸ் கட்டையை ஒருதரம் தட்டினால் வண்டி ஒரு குறித்த தூரம் நகரும். ஐந்து தட்டு என்றால் எந்தத் தாளிலும் ஐந்து தட்டுத் தூரம்தான். கந்தோர்களில் கடிதம் அடித்துப் பழகியவர்கள் பந்தி தொடங்க ஐந்து ஸ்பேஸ் விட்டதில் ஒரு பிழையும் இல்லை. அவர்களிடம் பழகியவர்கள் கொம்பியூட்டருக்கு வந்தார்கள், அவர்களிடம் நாங்கள் பழகினோம். கொம்பியூட்டரில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு, ரவுக்கும் ணைக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். நிலம் மாறிவிட்டது, பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

தட்டச்சிலும் ரப் இருந்தது. வேண்டிய இடத்தில் நிறுத்தம் வைத்துவிட்டு ஒரு தட்டு, வண்டி ஓடிப்போய் அங்கே நிற்கும். வேர்டின் ரூலரில் நாங்கள் கிளிக் செய்து போடும் குறி அதே நிறுத்தம்தான்.

ஜூன் 7, காலை

பாமினியில் அடித்த பழைய பைலை யூனிகோடுக்கு மாற்றும்போது ஏன் எல்லாம் குலைகிறது என்று வந்த கேள்விக்கும் பதில் இதுதான். மாற்றியதும் எழுத்தின் அகலம் மாறும், வரி முறியும் இடம் மாறும். ரப்பும் இன்டென்டும் போட்டிருந்த பைல்கள் பெரிய சேதமில்லாமல் வந்து சேரும். ஸ்பேஸில் நின்றவை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். கோயில், சங்கம், பாடசாலை எல்லாவற்றிலும் பாமினிப் பைல்கள் இன்னும் குவிந்து கிடக்கின்றன, மாற்றப்போகிறவர்கள் இதை யோசித்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஸ்பேஸ்களைத் துப்புரவாக்க: தேடி மாற்றும் பெட்டியில் மேலே இரண்டு ஸ்பேஸ், கீழே ஒரு ஸ்பேஸ் வைத்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள். பெயர்ப் பட்டியலில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், எந்த இடத்தில் நிரல் பிரிந்தது என்ற அடையாளமும் சேர்ந்து அழிந்துபோகும். அங்கே கையால் ஒவ்வொரு இடமாக ரப் போட்டுவிட்டுப் பிறகு துப்புரவாக்குங்கள்.

ஜூன் 7, மாலை

வலது முக்கோணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, பாவம் அது தனியே நிற்கிறது. மேற்கோள் பந்தியை இரண்டு பக்கமும் ஒடுக்கிக் காட்ட அது உதவும். ஆனால் தமிழில் அளவோடு செய்யுங்கள். எங்கள் சொற்கள் நீளம். ஒடுங்கிய பந்தியில் இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்று வேர்டிடம் சொன்னால், ஒரு வரியில் மூன்று சொல்லும் இடையில் பெரிய ஓட்டைகளும்தான் வரும். ஏ5இல் மேற்கோளுக்கு இரண்டு பக்கமும் 0.5க்கு மேல் வேண்டாம், அப்படியும் ஓட்டை விழுந்தால் இடது ஓரம் மட்டும் நேராக நிற்கட்டும். அது எவ்வளவோ வாசிக்க நன்றாக இருக்கும்.

ஜூன் 8, காலை

இவ்வளவும் எழுதிய பிறகு எனக்கு ஒரு மறுயோசனை. கல்வெட்டு, அழைப்பிதழ் போன்ற சின்ன வேலைக்கு ரூலரை இழுப்பது சரி. நூறு பக்கப் புத்தகத்துக்கு, பாடசாலை மலருக்கு, அப்படி இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கையால் இழுத்தால் ஒரு பந்தி 0.6, இன்னொன்று 0.63 என்று வரும். அந்த வேலைக்கு ஸ்ரைல் வேண்டும், அதாவது ஒரு பெயரின் கீழ் சேர்த்துவைத்த பந்தி அளவுகள். ஒரு பந்தியை ரூலரில் இழுத்து உங்களுக்குப் பிடித்த மாதிரி நிறுத்துங்கள். பிறகு ஹோம் பட்டியில் ஸ்ரைல் பெயரில் வலது கிளிக் செய்து, தெரிவுசெய்த பந்தியைப் பார்த்து ஸ்ரைலைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அந்த ஸ்ரைல் உள்ள எல்லாப் பந்தியும் மாறும். பாட்டுக்கு ஒன்று, உரைக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று என்று மூன்று இருந்தால் ஒரு கல்வெட்டுக்குத் தாராளம்.

ஏற்கெனவே இழுபட்டுக் குழம்பிய பந்தி ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அதில் கர்சரை வைத்து கொன்ட்ரோல் கியூ அழுத்துங்கள். கையால் செய்த பந்தி மாற்றமெல்லாம் போய் ஸ்ரைலின் அளவுக்கு வரும். ரூலரில் தவறுதலாகக் கிளிக் பட்டு விழுந்த ரப் குறிகளும் போய்விடும். ஒரு குறியை மட்டும் அகற்ற, அதைப் பிடித்துக் கீழே இழுத்து ரூலருக்கு வெளியே விட்டால் போதும்.

ஜூன் 8, இரவு

தம்பி திருத்திய பைலை அனுப்பியிருந்தார், பார்த்தேன். பாட்டுகள் எல்லாம் சரியாக விழுந்திருக்கின்றன, பட்டியலும் அப்படித்தான். முன்பக்கத்தில் மறைவுத் திகதிக்கு முன்னால் இரண்டு ரப் இருக்கிறது, ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பக்க இலக்கம் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே போவதற்குக் காரணம், பக்கத்தின் அடிப்பகுதிக்கு (ஃபூட்டர்) வேர்ட் தானாகப் போட்டுவைத்த நடு ரப்பும் வலது ரப்பும் பெரிய தாளுக்கு உரியவை. தாளை ஏ5க்கு மாற்றினாலும் அவை பழைய இடத்திலேயே நிற்கும். பக்கத்தின் அடியில் இரண்டு கிளிக் செய்து உள்ளே போனால் ரூலரில் அந்தக் குறிகள் தெரியும். நடுவில் உள்ளதை 5.9க்கும், வலதில் உள்ளதை 11.8க்கும் இழுத்துவிடுங்கள்.

அச்சகத்துக்குப் பீடிஎப் ஒன்றும் வேர்ட் பைலும் இரண்டும் கொடுங்கள். பீடிஎப்பில் எழுத்துருவும் சேர்ந்து போவதால் நீங்கள் கண்டதையே அவர்களும் காண்பார்கள். வேர்ட் பைல், கடைசி நேரத்தில் யாராவது ஒரு பேரப்பிள்ளையின் பெயரைச் சேர்க்கச் சொன்னால் தேவைப்படும். அப்போது பட்டியலில் அதற்கு முன்னால் வரும் வரியின் கடைசியில் என்டர் அடித்து, பெயரை அடிக்கச் சொல்லுங்கள். ரூலரைத் தொட வேண்டியதில்லை.